வேணாம் சித்தி

பெரியவர் கல்லூரியின் அந்த வழவழப்பான விளக்கப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் போட்ட அதே நேரத்தில் அடுக்களையில் பால் பொங்கி வழிந்தது. அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அணைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் எந்த முக்கியமான பேச்சையும் அடுக்களை வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதுதான் அவள் வழக்கம்.

"கணக்கியல் மேற்படிப்பு. ரெண்டு வருஷம்," என்றார் பெரியவர். "அங்க துறைத் தலைவரா இருக்கிறவன் என்கூடப் படிச்சவன்தான். பேசிட்டேன். இந்த வாரம் விண்ணப்பம் போட்டாப் போதும். என்ன குட்டி, போட்டுடலாமா?"

பெரியவர் என்றால் அவள் கணவனின் அண்ணன். ஆடிட்டர். கீழ்த்தளத்தில் பெரியவரும் அவர் மனைவியும், மாடியில் இவர்கள் மூன்று பேரும். அடுக்களை மட்டும் பொது. கணவனுக்கு வேலையும் அண்ணனின் அலுவலகத்தில்தான். குட்டி அவளுடைய ஒரே மகள். பட்டப்படிப்பு முடித்து ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் வீட்டில் அவள் இன்னும் குட்டிதான்.

"மேஜைகூட வந்தாச்சு," என்றார் பெரியவர். குரலில் ஒரு சின்னப் பிள்ளையின் குதூகலம். "ஆபீஸ்ல ஜன்னலோரமாப் போட்டிருக்கேன். சுத்துற நாற்காலி. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்ல. அது நீ வந்து பிரிக்கணும்!"

பெரியவரின் மகன் அந்த அலுவலகத்துக்கு வரவில்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போய்விட்டான். அவன் போனதிலிருந்து பெரியவர் அந்த ஜன்னலோர இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன், பெரியப்பா..."

பெரியவரின் மனைவி, ஓரகத்தி, அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "கேட்டுட்டாப் போச்சு... என்ன பதில் வரும்னு தெரியாதா என்ன!"

அடுக்களையில் அவள் கரித்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மகள் சொன்ன வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல. அந்த வீட்டில் எத்தனையோ பேர் வாயில் கேட்டதுதான். மகள் வாயில் இன்றுதான் கேட்கிறாள்.

கல்யாணமான புதிதில் அது விளையாட்டாகத்தான் தொடங்கியது. கணவனின் நண்பன் ஒருவன் ஸ்கூட்டரை இரவல் கேட்டு வந்தான். கொடுக்க இவருக்கு மனசில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லடா... வீட்ல அவதான் ஒத்துக்க மாட்டா," என்று தலையைச் சொறிந்தார். நண்பன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்த சில நாட்களிலேயே தன் பேருக்கு இவ்வளவு கனமா என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கனம் ஏறிக்கொண்டே போனது. அலுவலக நண்பர்கள் சுற்றுலா கூப்பிட்டால், "அவ விட மாட்டா." பக்கத்து வீட்டில் விசேஷத்துக்கு மடக்கு நாற்காலிகள் கேட்டால் ஓரகத்தி சொல்வாள், "எனக்கென்ன, எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்வேன்... தங்கச்சிக்குத்தான் பிடிக்காது." நாற்காலிகள் ஓரகத்தியுடையவை! ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே ஃபைலோடு வந்து உட்காரும் அலுவலகக் கட்சிக்காரரைத் தவிர்க்கப் பெரியவரும் ஒருமுறை அதைத்தான் சொன்னார், "வீட்ல சின்னவளுக்கு ஆள் வந்தா ஆகாது."

அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அப்படி எல்லோரும் நல்லவர்களாகவே இருந்துவிட, வீட்டில் பொல்லாதவள் ஒருத்தி தேவைப்பட்டாள். பெரியவரின் மகன் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவளுக்குப் பட்டம் சூட்டிவிட்டான்: வேணாம் சித்தி. இப்போதும் கப்பலிலிருந்து கூப்பிடும்போது, "வேணாம் சித்தி எப்படி இருக்காங்க?" என்று ஆசையாகத்தான் கேட்பான். மற்றவர்கள் அதையே ஆசையில்லாமல் சொன்னார்கள். உறவுக்காரர்கள் அவள் இருக்கும்போது அழைப்பிதழைக் கணவனிடம் தந்துவிட்டு வாசலோடு போய்விடுவார்கள். யாரும் அவளோடு சண்டை போட்டதில்லை. யாரும் அவளுக்குத் தொலைபேசியும் செய்வதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். நாத்தனார் விஷயம்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

நாத்தனாரும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. "எங்க சின்ன அண்ணனைக் கட்டிக்கோடி, அப்புறம் உன்னைய யாரு என்கிட்டேருந்து பிரிக்கிறது!" என்று கல்யாணத்தை முடித்துவைத்ததே அவள்தான். பின்னால் நாத்தனாரின் கணவனுக்குத் தொலைவான ஊருக்கு மாற்றலாயிற்று. அங்கே நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மகளை இந்த வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாமா என்று சின்ன அண்ணனிடம் கேட்டாள். வளர்ந்த பெண்ணைப் பொறுப்பெடுக்க இவருக்குப் பயம். போனில் என்ன சொன்னாரோ... அடுத்த வாரம் நாத்தனார் நேரே வந்து வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"வேணாம்னு நீயே என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமேடி... அண்ணனை விட்டா சொல்லச் சொல்லணும்?"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் கணவன் நின்றிருந்தார். கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிற்று. கட்டிய கணவரை அவர் தங்கை முன்னால் பொய்யராக்க அவளுக்கு நா எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் போய்விட்டாள். மாற்றல் முடிந்து இதே ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அவள் அந்தத் தெருவுக்குள் வரவில்லை.

தங்கை மேல் உயிரையே வைத்திருந்த பெரியவர் அன்றோடு இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு கை தூரத்தில் இவள் நிற்கும்போதே, "உப்பு இருக்கான்னு அவகிட்ட கேளு," என்பார் மனைவியிடம்.

*

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவளின் பின்னாலேயே குட்டியும் வந்தாள். வங்கியிலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"கோபமாம்மா?"

"இல்ல. உனக்கு என்னதான் படிக்கணும்? அதைச் சொல்லு முதல்ல."

குட்டி கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தபடி சொன்னாள். எந்தப் படிப்பு உசத்தி என்று அவளும் வெகுநாள் தேடியிருக்கிறாள். தேடத் தேடத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

"அப்புறம் ஒரு மேடத்தைப் போய்ப் பாத்தேம்மா. ஒரு பென்ஷன் நிதியில ஆராய்ச்சிப் பிரிவுல இருக்காங்க. வேலை செஞ்சு ஓய்ஞ்சவங்களோட காசும்மா அது. அதை எந்தக் கம்பெனியில போடலாம், எதுல போடக் கூடாதுன்னு அலசிப் பாக்கறாங்க. அவங்க சொன்னாங்க, படிப்பைத் தேடாதே, மொதல்ல வேலையைத் தேடு, அந்த நாற்காலியில இப்ப உக்காந்திருக்கிறவங்க எந்த வழியா வந்தாங்கன்னு கேளுன்னு. கேட்டேன். அவங்க பிரிவுல பாதிப் பேரு ஃபைனான்ஸ் மட்டும் தனியாப் படிச்சவங்க. ஒரே வருஷம். பிழிஞ்சு எடுத்துடுவாங்களாம்."

"பெரியப்பா சொல்றது?"

"நல்ல படிப்புதான். ஆனா அது நடந்து முடிஞ்சதைச் சரிபாக்கிறதும்மா. எனக்கு நடக்கப்போறதைப் பாக்கணும். நம்ம பேங்க்லயே பாரு, போன வருஷக் கணக்கு சுத்தமா இருக்குன்னு கடன் குடுக்கறாங்க, இந்த வருஷம் கம்பெனி படுத்துடுது! ஏன் படுத்துச்சுன்னு நோண்டறதுல எனக்கு ஒரு இது."

"எம்.பி.ஏ.வுலயும் ஃபைனான்ஸ் இருக்குன்னு அப்பா சொல்லிட்டு இருந்தாரே?"

"இருக்கு. கூடவே விற்பனை, விளம்பரம், ஆளை மேய்க்கிறது எல்லாம் இருக்கு. நாளைக்கு ஒரு கம்பெனியவே நடத்தணும்னா அதுதான் சரி. நானா நடத்தப்போறேன்? மூணு பேர் கூட வேலை செய்யச் சொன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். இவ்வளவு தெளிவாகத் தன் மகள் பேசி அவள் கேட்டதில்லை. "இதை அப்படியே பெரியப்பாகிட்ட சொல்லேன்டி."

குட்டியின் முகம் சுருங்கியது. "எப்படிம்மா? மேஜை வாங்கி வச்சிருக்கார்மா... உறையை நீ வந்து பிரின்னு சொல்றார்... என்னால முடியாது. நீ சொல்லிடேன்!"

"நான் என்ன சொல்லணும்?"

"எம்பொண்ணு அங்க படிக்க வேணாம்னு. ஒரே வார்த்தை. நீ சொன்னா யாரும் ஏன்னுகூடக் கேக்க மாட்டாங்கம்மா. உன் விஷயத்துல அவங்களுக்குப் பழகிப்போச்சு..."

சொல்லிவிட்டுக் குட்டி ஒரு தலையணை உறையை மடிக்க ஆரம்பித்தாள். தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே தெருவில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியோடு தோளில் கை போட்டபடி போய்க்கொண்டிருந்தாள். செய்துவிடலாம்தான். இத்தனையோடு இன்னும் ஒன்று. புதிதாக இழக்க அவளுக்கு என்ன இருக்கிறது? பெற்ற மகளுக்காகச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது?

"குட்டி, அந்தப் பென்ஷன் ஆபீஸ்ல நீ உக்காந்திருக்கே. ஒரு பெரிய கம்பெனி வருது. இதுல காசு போட்டாத் தேறாதுன்னு உனக்குத் தெரியுது. என்ன சொல்லுவ?"

"போடக் கூடாதுன்னு எழுதுவேன்."

"யார் பேர்ல?"

"என் பேர்லதான். கீழ நான்தானே கையெழுத்து..."

"ஏன், அங்கயும் 'எங்கம்மா ஒத்துக்கல'ன்னு எழுத முடியாதா?"

குட்டி பாதி சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. "அம்மா... நீ என்ன சொல்ற?"

"நான் மாட்டேன், குட்டி."

வார்த்தை வெளியே வந்த பிறகு அவளுக்கே காது குறுகுறுத்தது. பேர் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவள், இன்றுதான் முதல்முதலாகத் தன் வாயால் ஒருத்திக்கு மறுத்திருக்கிறாள். அதுவும் மகளுக்கு!

"எல்லாருக்கும் சொன்னேல்ல?" குட்டியின் குரல் உடைந்தது. "ஊர்ல எல்லாருக்கும் வேணாம் வேணாம்னு சொன்னே! அத்தை பொண்ணு இங்க வந்து படிக்கக் கூடாதுன்னு சொன்னவதானே நீ! பெத்த பொண்ணு கேக்கறேன்... எனக்காக ஒரு தடவை சொல்ல முடியாதா உனக்கு?"

அவள் உதடு அசைந்தது. நான் அதைச் சொல்லவே இல்லையடி என்பது தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் மகள் முன்னால் அப்பா என்ன ஆவார்? விழுங்கிக்கொண்டாள்.

குட்டி மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மீண்டும் மடித்தாள். வீட்டில் தன்னோடு பேசுவதற்கென்று இருந்த ஒரு குரலும் போயிற்று.

மாடிக்கு வந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். குட்டிக்கு அந்தப் படிப்பும் பிடிக்கவில்லை, எம்.பி.ஏ.வும் பிடிக்கவில்லை, ஃபைனான்ஸ் மட்டும் தனியாகப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று.

"எம்.பி.ஏ. போனா அண்ணனும் ஆபீஸுக்கு உதவும்னு சமாதானமாவார், இவளும் ஃபைனான்ஸ்னு சொல்லிக்கலாம். யாருக்கும் வருத்தமில்ல," என்றார் அவர்.

"படிக்கப்போறவளுக்கு வருத்தமா இருக்கே!"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? அண்ணன்கிட்ட நான் எப்படி..."

"பேசுங்க. அவ உங்க பொண்ணு."

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். காலையிலேயே படித்து முடித்த செய்தித்தாள்.

*

மறுநாள் காலை பெரியவர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தே கொண்டுவந்துவிட்டார். பேனாவின் மூடியைக் கழற்றிக் குட்டியின் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்து மட்டும் போடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

குட்டி பேனாவை வாங்கவில்லை. அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கே அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாயும் திறக்கவில்லை. நீட்டிய பேனா அந்தரத்தில் நின்றது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"அண்ணே..." கணவர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... எனக்கு ஒண்ணுமில்ல. வீட்ல அவதான்... ஒத்துக்க மாட்டேங்கிறா."

பெரியவர் பேனாவை மேஜையில் வைத்தார். எழுந்தார். வருஷக்கணக்கில் பேசாத வாய் நேராக அவளைப் பார்த்துத் திறந்தது.

"ஏம்மா... நான் உனக்கு என்ன துரோகம் பண்ணினேன்? என் தங்கச்சியை இந்த வாசல் மிதிக்க விடாமப் பண்ணினே. வீடு ரெண்டாகக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டேன். என் பையன் கடலோட போயிட்டான். எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு பொண்ணு. இவளையும் பறிச்சுக்கணுமா உனக்கு? அப்பத்தான் உன் மனசு ஆறுமா?"

"கல்லுகூடக் கரையும், தங்கச்சி! உன் மனசு கரையாதா?" ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவர் ராத்திரி தூங்கறதே இல்லம்மா... இந்தப் பொண்ணு வந்து உக்காருவான்னுதானே மனுஷன் உசிரை வச்சிட்டிருக்கார்!"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் விரலால் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தளும்பிய நீர் விழாமல் இருக்க அவள் முகத்தைச் சற்றே நிமிர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

"அப்பா."

குட்டியின் குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மா எப்பப்பா அப்படிச் சொன்னாங்க?"

"அது... நேத்து மாடியில..."

"பொய்!" குட்டி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நேத்து மொட்டை மாடியில அம்மா கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன், பெரியப்பா. எனக்காக நீ வேணாம்னு சொல்லும்மா, பழியை நீ ஏத்துக்கோம்மான்னு... அம்மா மாட்டேன்னுட்டாங்க! அந்தக் கோபத்துல நான் அவங்ககூடப் பேசவே இல்ல. சொல்ல மாட்டேன்னவங்க எப்படிப்பா சொல்லியிருப்பாங்க?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எனக்குத்தான் வேணாம், பெரியப்பா. எனக்குத்தான்... அந்தப் படிப்பு வேணாம்."

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்தார். ஒரு கம்பெனியின் கணக்கில் எங்கோ இடறியதும் அவர் முகம் எப்படி ஆகும் என்று தம்பிக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்த முகம்தான்.

"இன்னார் எனக்கு இவ்வளவு தரணும்னு ஒரு கட்சிக்காரன் சொன்னா, நான் அப்படியே எழுதிக்க மாட்டேன்," என்றார் பெரியவர், யாரிடமும் இல்லாமல். "அந்த இன்னாருக்கே நேரா எழுதி, நிஜமான்னு கேப்பேன். தொழில் தொடங்கின நாள்லேருந்து விட்டதில்ல. அவகிட்ட..." அடுக்களைப் பக்கம் கை தூக்கினார். "அவகிட்ட நான் ஒரு தடவைகூடக் கேக்கலையே! அவ வேணாம்னா, அவ வேணாம்னான்னு எல்லாம் உன் வாயாலதானே கேட்டேன்... டேய். தங்கச்சி பொண்ணு விஷயம். அன்னைக்கு ஒத்துக்காதது இவளா? நீயா?"

கணவர் தலை நிமிரவில்லை. கோடு போட்ட விரல் தட்டிலேயே நின்றிருந்தது. அதற்கு மேல் யாருக்கும் பதில் தேவைப்படவில்லை.

"ஐயோ..." என்றாள் ஓரகத்தி திடீரென்று. "அந்த மடக்கு நாற்காலி... அதுகூட நான்தானே..." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

"நானும்தான்," என்றார் பெரியவர். "ஞாயித்துக்கிழமை கட்சிக்காரர்கிட்ட... நானும்தான் சொல்லியிருக்கேன்." பிறகு அவளைப் பார்த்தார். "ஏம்மா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்ட அத்தான் சொல்றது?" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "நீங்கதான் என்கூடப் பேச மாட்டீங்களே."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அதை மாட்டிக்கொள்ளாமலே குட்டியின் பக்கம் திரும்பி, "சரி... உனக்கு என்னதான் படிக்கணும்?" என்றார்.

குட்டி சொன்னாள். மொட்டை மாடியில் சொன்ன அளவுக்குச் சரளமாக வரவில்லை. திக்கியது, அழுகை குறுக்கிட்டது. பெரியவர் நேர்முகத் தேர்வு நடத்துகிறவர் மாதிரி குறுக்குக் கேள்விகள் கேட்டார். ஒரு வருஷத்தில் என்ன வந்துவிடும், கணக்குப் பாடம் தாங்குவாளா, அந்தப் பென்ஷன் நிதி இல்லையென்றால் வேறு எங்கே போவாள்... எதற்கும் அவள் மழுப்பவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள்.

"நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே பெரியப்பா. போட்டுடலாமான்னுதானே கேட்டீங்க."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். பூர்த்தி செய்த விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அந்த மேஜைதான்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள்.

"இன்னைக்கு நான் ஒரு இடத்துக்குப் போகணும், அக்கா. மத்தியானச் சாப்பாட்டை நீங்க பாத்துக்கங்க."

எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

புடவை மாற்றிக்கொண்டு படியிறங்கும்போது குட்டி ஓடிவந்து பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டாள். "அத்தையை வச்சு உன்னைக் குத்திக் காட்டினேனேம்மா... எப்படிம்மா கேட்டுக்கிட்டு நின்னே? அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?" முதுகு நனைந்தது. அவள் மகளின் கைகளைத் தட்டிக்கொடுத்தாள்.

"உன் விண்ணப்பத்தைப் போட்டியா?"

"இன்னைக்குப் போடறேன்."

"போடு. எங்க இருக்கு காலேஜு?"

"தூரம்மா. இங்கேருந்து போக வர முடியாது. அங்கேயே தங்கணும்."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தட்டிக்கொடுத்தது. "சரி. போடு."

*

பஸ் நிறுத்தத்துக்குக் கணவர் பின்னாலேயே வந்துவிட்டார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவ வீட்டுக்குத்தானே?"

"ஆமா."

"வந்து... நீயே அவகிட்ட சொல்லிடேன். சின்ன அண்ணன் தப்புப் பண்ணிட்டார், மனசுல வச்சுக்காதேன்னு... நீ சொன்னா அவ கேப்பா..."

அவள் அவரைப் பார்த்தாள். மன்னிப்புக்கும் இவருக்கு அவள் வாய்தான் வேண்டியிருக்கிறது! கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் களைப்புதான் வந்தது. அதன் அடியில் எங்கோ ஸ்கூட்டர் நண்பன் போனபின் கதவுக்குப் பின்னால் சிரித்த இளைஞனின் ஞாபகமும் வந்தது. கை நீட்டி, மாறிப் போட்டிருந்த பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"மாட்டேங்க. இதை நீங்களே சொல்லுங்க."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். சின்னப் பையன் மாதிரி.

பஸ் முழுக்க ஆட்கள். பக்கத்தில் இருந்தவள் யாரிடமோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவளுக்குத் திடீரென்று பயமாக இருந்தது. கதவைத் திறக்காமல் போய்விட்டால்? திறந்து, யார் நீங்கள் என்று கேட்டுவிட்டால்? இத்தனை காலம் ஒரே ஊரில் இரண்டு பேரும்... ஒருமுறை கடைத்தெருவில் நாத்தனாரைத் தூரத்தில் பார்த்துவிட்டு, காய்கறி வாங்காமலே திரும்பிவந்தது ஞாபகம் வந்தது. அன்று வீட்டில் யாரும் ஏன் வாங்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை.

அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கப் படியேறி, கதவு முன்னால் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மணியை அழுத்தினாள். உள்ளே யாரோ பேசும் சத்தம் கேட்டது. பேச்சு நிற்காமலே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

கதவு திறந்தது. நாத்தனார். நெற்றியோர முடியில் நரை விழுந்திருந்தது. ஒரு கையால் போனைக் காதில் அழுத்தியிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

வந்தவளைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மறு கையால் இவள் மணிக்கட்டைப் பற்றி, ஓடிப்போய்விடுவாள் என்பது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த அமைதியில் போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கசிந்தது. திக்கித் திணறி, நின்று நின்று...

"...அவ இல்லம்மா... நான்தான்... நான்தான் வேணாம்னேன்..."

"சரிண்ணா, வை," என்றாள் நாத்தனார் கரகரத்த குரலில். "ஆள் வந்தாச்சு. உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்... பேசிக்கறேன் இரு, உனக்கு இருக்கு!"

போன் எங்கேயோ விழுந்தது. இரண்டு பேரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது.

"பாவி..." நாத்தனார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடித்தாள். "அன்னைக்கு வாயைத் திறந்திருக்கக் கூடாதாடி? ஒரு வார்த்தை! இத்தனை வருஷம் ஒருத்திகூட இல்லாம நான் என்ன பாடுபட்டேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். அழுகைதான் வந்தது.

உள்ளே இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள் நாத்தனார். "எலும்பாப் போயிட்டே. காபி போடட்டுமா? இதோ பாரு, வழக்கம்போல வேணாம் கீணாம்னு சொன்னே, கொன்னுடுவேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணும்," என்றாள்.